ஏழு நாள் பத்தியம்

அருள்,

திங்கட்கிழமை காலையில் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், குக்கர் கூப்பிடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று அடுப்பில் குக்கரே இல்லை. போனில் பேசினால் நடுவில் புகுந்து "சர்தாம்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் லாரி சத்தத்தில் பாதிதான் உன் காதில் விழும். அதனால் எழுதுகிறேன். ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் இந்தத் தெருவுக்கே முப்பது வருஷமாக மனு எழுதிக் கொடுத்தவள் நான். பெற்ற பிள்ளைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. கடைசி வரைக்கும் படி. பாதியில் மடித்துப் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கண்டெய்னர் யார்டுக்குக் கிளம்பிவிடாதே.

நீ கேட்டது ஒரே ஒரு விஷயம். "எம்மா, மெடிக்கல் வந்தா அப்பாவுக்கு ஏளு நாளு ஒரு சாப்பாடு செஞ்சி குடுப்பியே, அத்த அப்டியே மெர்சிகிட்ட சொல்லிடு. அடுத்த வாரம் வெள்ளிக்கெயம எனுக்கு மெடிக்கல் கீது." சொல்லிவிட்டுச் சிரித்தாய். வெளிநாட்டுத் துறைமுகத்தில் வேலை, ஏஜென்ட் அனுப்புகிற ஆட்களில் உன் பெயரும் இருக்கிறது, ரத்தம் சுத்தம் என்று ஒரு சீட்டு வந்தால் விசா. உனக்குச் சர்க்கரை என்று திருவொற்றியூர் டாக்டரம்மா சொல்லி மூன்று வாரம்தான் ஆகிறது. மூன்று மாதத்து அளவைக் காட்டுகிற டெஸ்டில் ஒன்பதைத் தாண்டியிருந்தது. உனக்கு வயது முப்பத்திரண்டு. மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டை மாற்று, மூன்று மாதம் கழித்து வா, அடங்கியிருந்தால் நானே கடிதம் தருகிறேன், தாராளமாகப் போகலாம் என்று அவர் சொன்னதாக என் மருமகள் மெர்சி எனக்குச் சொன்னாள். நீ அந்த மூன்று மாதத்தை ஏழு நாளாகச் சுருக்கப் பார்க்கிறாய். அதற்கு என்னிடம் வந்திருக்கிறாய். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறாய், அந்த வித்தையில் என்னைவிடக் கைதேர்ந்தவள் ராயபுரத்தில் கிடையாது.

உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஆப்பரேட்டர் என்பதும், வருஷத்துக்கு ஒரு தடவை அவருக்கு மெடிக்கல் என்பதும் உனக்குத் தெரியும். சர்க்கரை அதிகம் என்று எழுதிவிட்டால் கிரேனிலிருந்து இறக்கி, கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. அவர் கேங்கில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. மெடிக்கல் தேதியைப் போர்டில் ஒட்டிய அன்று சாயங்காலமே ஒவ்வொருவரும் ஒரு பை நிறையப் பாகற்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது பெண்கள் நாங்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வோம், உங்கள் வீட்டில் ஆரம்பித்தாயிற்றா என்று. அந்த ஏழு நாளும் உன் அப்பா சோறு தொட மாட்டார். காலையில் வெந்தயம் ஊறிய தண்ணீர், மதியம் வேகவைத்த கோஸும் வெறும் மீனும், ராத்திரி வெள்ளரிக்காய். டீயில் சர்க்கரை கிடையாது. கடைசி இரண்டு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்தான். வருஷம் பூராவும் மறந்துபோகிற மாத்திரையை அந்த வாரம் மட்டும் இரண்டு இரண்டாக முழுங்குவார். எட்டாம் நாள் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பார். பார்க்கிறவர்கள் பாராட்டுகிற மாதிரி இருக்கும் அந்த ரத்தம்.

பிறகு என்ன நடக்கும் என்று உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். பாஸ் ஆனவர்கள் எல்லாரும் சேர்ந்து பிரியாணி வாங்கிக்கொண்டு வருவார்கள். நீ வாசலிலேயே நிற்பாய். அப்பா உன்னை மடியில் உட்கார வைத்து முதல் கவளம் உனக்கு ஊட்டிவிட்டு, அடுத்த ஒரு மணி நேரத்தில் ஏழு நாள் பட்டினியையும் வட்டியோடு வசூல் செய்துவிடுவார். தவக்காலத்தில் நாற்பது நாள் கறி மீன் தொடாமல், ஒருபொழுது இருந்து, சிலுவைப்பாதைக்கு முதல் ஆளாகப் போய் நிற்கிற மனுஷன் அவர். ஆண்டவருக்காக நாற்பது நாள் இருக்க முடிந்தவரால் தன் உடம்புக்காக எட்டாவது நாள் இருக்க முடியவில்லை. நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறேன். அவரும் சிரித்திருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டேதான் அந்தக் குழிக்குள் இறங்கினோம்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ ஏழாவது படிக்கும்போது, அந்த வருஷத்துப் பத்தியத்தின் ஆறாவது நாள், அப்பா மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கியவர் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார்.

"மேல ஒக்காந்துகினு கீறேன், என் கைய பாத்தா என் கை மாரியே இல்லமே. வேர்த்து ஊத்துது, கண்ணு கட்டுது. பெட்டிய எப்ப எறக்குனேன்னே தெர்ல. மைக்கேலு வெத்தல துப்ப நவுந்தான். நவுரலன்னா இன்னிக்கி அவன் இல்ல."

மைக்கேல் என்றால் உன் மைக்கேல் மாமா. உன்னைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டியில் பிடித்த உன் ஞானத்தகப்பன். அவர் தலைக்கு மேலே ஒரு கண்டெய்னர் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தபோது, மேலே இருந்த உன் அப்பாவுக்கு வெறும் வயிறும் இரட்டை மாத்திரையுமாகச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. மாமா அதுவரை நின்ற இடத்தில் பெட்டி வந்து உட்கார்ந்தது. மைக்கேல் மாமா மேலே ஏறிப் போய், உன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரோ வைத்திருந்த டீயை வாயில் ஊற்றி, கீழே இறக்கிக் கொண்டுவந்திருக்கிறார். வெயில், மயக்கம் என்று மேலதிகாரிகளிடம் சொன்னார்கள். கேட்டவர்களும் நம்பினார்கள். உண்மை மூன்று பேருக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு, மைக்கேல் மாமாவுக்கு, எனக்கு. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டோம். இரண்டு நாள் கழித்து அப்பா பாஸ் ஆனார், பிரியாணி வந்தது, நீ சாப்பிட்டாய்.

அதற்கு அடுத்த வருஷம் போர்டில் தேதி ஒட்டினதும் பாகற்காய் வாங்கி வந்தது அவர் இல்லை. நான். அவர் தயங்கினார், இந்த வருஷம் உள்ளதைச் சொல்லிவிடலாமா என்றுகூடக் கேட்டார். நான்தான் ஏழு நாள் தானே, பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டுக் கஷ்டம் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை. கோயிலில் என்னைக் கிரேன்காரர் சம்சாரம் என்று கூப்பிடுவார்கள். பக்கத்தில் இருப்பவள் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பாள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது அருள். கேட்டில் உட்காருகிறவர் பெண்டாட்டி என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அந்தப் பெயருக்காக உன் அப்பாவை மறுபடியும் அவ்வளவு உயரத்தில் ஏற்றி உட்கார வைத்தேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது.

அந்த ஏழு நாள் போக மீதி வருஷம் எப்படிப் போனது என்று கேட்கிறாயா? எங்களுக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பில் போனது. சோறுதான் எதிரி என்று யாரோ சொன்னார்கள் என்று ராத்திரியில் சோற்றை விட்டுவிட்டு ஆறு சப்பாத்தி சாப்பிட்டார். வெள்ளைச் சர்க்கரை ஆகாது என்று நாட்டுச் சர்க்கரை வாங்கி, நல்லதுதானே என்று ஒரு கரண்டிக்கு இரண்டாகப் போட்டேன். கேழ்வரகு மருந்து என்றார்கள், சொம்பு சொம்பாகக் கூழ் குடித்தார். கூழோடு தொட்டுக்கொள்ள வறுத்த கருவாடு, அதற்கு மேல் ஒரு குட்டித் தூக்கம். ஷிப்ட் முடிந்து வரும்போது பரோட்டாவும் சால்னாவும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் பரிகாரமாக வருஷத்தில் ஏழு நாள் இருக்கிறதே என்று இருந்தோம். ஒருநாள்கூட உண்மையான அளவு என்ன என்று நாங்கள் போய்ப் பார்த்ததே இல்லை. பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டும், அதனால் பார்க்கவில்லை.

அப்பாவுக்குத் திடீரென்று கால் போய்விட்டது என்றுதான் உனக்குச் சொன்னோம். நீ அப்போது ஐ.டி.ஐ. சேர்ந்த புதிது. திடீரென்று என்ற அந்த ஒரு வார்த்தைதான் இந்த வீட்டில் உனக்குச் சொன்ன பெரிய பொய். எதுவும் திடீரென்று வரவில்லை. முதலில் கண்ணாடி நம்பர் வருஷத்துக்கு ஒரு தடவை மாறியது. பிறகு பாதத்தில் பஞ்சு வைத்துக் கட்டிய மாதிரி இருக்கிறது என்றார். பிறகு பாத்ரூமில் செருப்பைக் கழற்றாமலே குளித்துவிட்டு வந்தார், காலில் செருப்பு இருப்பதே தெரியவில்லை அவருக்கு. நாங்கள் அதற்கும் சிரித்தோம். கடைசியில் ஷூவுக்குள் ஒரு சின்ன நட்டு கிடந்திருக்கிறது. அதை மிதித்துக்கொண்டே ஒரு ஷிப்ட் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சாக்ஸைக் கழற்றும்போது நான்தான் பார்த்தேன். சுண்டு விரல் கறுத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு சின்ன வயது டாக்டர் அப்பாவின் துறைமுக மெடிக்கல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் நார்மல், நார்மல், நார்மல். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இவ்வளவு நல்லா வெச்சிருந்த சுகர் இப்படி காலைத் தின்னாதேம்மா, என்ன நடந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். நான் தெரியாது என்று சொன்னேன். அப்போதும்கூடத் தெரியாது என்றுதான் சொன்னேன். முதலில் விரல், அப்புறம் பாதி பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. அதற்குள் சிறுநீரகமும் கெட்டுவிட்டது. ஐம்பத்தோரு வயதில் உன் அப்பாவைப் புதைத்தோம்.

கால் போன பிறகு அந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிற ஒரு பெண் எங்களை உட்கார வைத்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தாள். பாதித் தட்டுக்குக் காயும் கீரையும், கால் தட்டுக்கு மீனோ முட்டையோ பருப்போ, மீதிக் கால் தட்டுக்குச் சோறு. சப்பாத்தி என்றாலும் கேழ்வரகு என்றாலும் அதே கால் தட்டுதான். முதலில் காயைச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வரச் சொன்னாள். உன் அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, "இத்த துன்னச் சொல்றியா, மோந்து பாக்கச் சொல்றியாம்மா" என்றார். அவளும் சிரித்தாள். ஆனால் சாப்பிட்டார். வேறு வழியில்லாமல் சாப்பிட ஆரம்பித்தவர் இரண்டு மாதத்தில் பழகிவிட்டார். காசிமேட்டிலிருந்து நான் கொண்டுவருகிற நெத்திலிக்கும் அவரைக்காய்ப் பொரியலுக்கும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் அளவு அடங்கியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகை, கால் எடுத்த அன்றுகூட அழவில்லை. ஏனென்றால் இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது அருள். ஒரு தட்டு. மூன்று மாதம். அது முன்னமே முடிந்திருக்கும், இரண்டு காலும் இருக்கும்போதே முடிந்திருக்கும். சாப்பாடு வேலை செய்யாமல் போகவில்லை. நாங்கள்தான் எல்லாம் போன பிறகு போய்ச் சேர்ந்தோம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீயும் மெர்சியும் சாப்பிட வந்தீர்கள். அப்போது உனக்குச் சர்க்கரை என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பாட்டில் குளிர்பானம் குடித்தாய், மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாய், அப்படியும் தாகம் என்றாய். மதியம் ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டுத் தூங்கினாய். மெர்சி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். உன் கால்மாட்டில் உட்கார்ந்து நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். குதிகாலில் ஒரு புண் தெரிந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு, ஓரம் வெளுத்து, நடுவில் ஈரமாக. யார்டில் போடுகிற இரும்பு ஷூ கடித்திருக்கும். கையிலிருந்த கீரையை வைத்துவிட்டு, விரலால் அந்தப் புண்ணின் ஓரத்தை லேசாகத் தொட்டேன். நீ அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். அசையவில்லை. நகத்தை வைத்து அழுத்தினேன், பெற்ற தாய் செய்யக்கூடாத அளவுக்கு அழுத்தினேன். குழந்தையில் கொசு கடித்தாலே ஊரைக் கூட்டுகிறவன், அப்படியே தூங்கிக்கொண்டிருந்தாய். எழுந்ததும் கேட்டேன். "ஷூ கட்ச்சிச்சிமா, அது இன்னா பெர்சா" என்றாய். உனக்கு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று மெர்சியிடம் மட்டும் சொல்லி அனுப்பினேன். உன் நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டரம்மா இல்லை, என் நகம்தான்.

அதனால்தான் நீ போனில் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ பெயிலாகிவிடுவாயோ என்று எனக்குப் பயம் இல்லை. நீ பாஸ் ஆகிவிடுவாய். அவர்கள் அந்த இடத்தில் வெறும் வயிற்று ரத்தம் மட்டும்தான் பார்க்கிறார்களாம், நீயே விசாரித்து வைத்திருக்கிறாய். ஏழு நாள் பட்டினி கிடந்து, மாத்திரையை இரண்டாகப் போட்டால் உன் ரத்தமும் உன் அப்பா ரத்தம் மாதிரியே பாராட்டு வாங்கும். கையில் நார்மல் என்ற சீட்டோடு விமானம் ஏறுவாய். அங்கே பன்னிரண்டு மணி நேர வேலை, பத்துப் பேருக்கு ஒரு அறை, சமைக்க நேரம் இல்லாமல் ரொட்டியும் இனிப்பு டீயும். வெயிலில் இரும்பு ஷூ. அந்தக் குதிகாலைப் பார்க்க அங்கே உன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நீயும் சொல்ல மாட்டாய். சாக்ஸைக் கழற்றிப் பார்க்கவும் மாட்டாய். ஒரு நாள் மெர்சி கையில் ஒரு போன் வரும். அந்தப் பக்கம் பேசுகிறவன் திடீரென்று என்று ஆரம்பிப்பான். இந்த வாரம் பூராவும் எனக்குக் காதில் அந்த வார்த்தைதான் விழுகிறது. இந்தத் தெருவில் யார் வீட்டில் போன் அடித்தாலும் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

மைக்கேல் மாமாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு என் முடிவைச் சொல்கிறேன். அப்பாவைப் புதைத்த அன்று எல்லாரும் கலைந்த பிறகும் அவர் மட்டும் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் அருகில் போய், போகலாம் வாங்க என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"அன்னிக்கி நான் ஒரு வார்த்த சொல்லிருந்தா அவன கீய எறக்கி வுட்டுருப்பாங்கமா. என்னாண்ட பேசாம இருந்திருப்பான், அவ்ளோதான். உசுரோட பேசாம இருந்திருப்பான்."

அவர் அதைச் சொன்னபோது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஏன் சொல்லவில்லை, என் புருஷன்தானே, உன் தோஸ்துதானே, ஏன் சொல்லவில்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது, அவருக்கு முன்னால் தெரிந்தவள் நான் என்று. அவராவது ஒரு நாள் நடந்ததைத்தான் மறைத்தார். நான் எட்டு வருஷம் சமைத்துப் போட்டேன்.

ஏழு நாள் பத்தியத்தை மெர்சிக்குச் சொல்ல மாட்டேன். அவள் என்னைப் போல ஆகக் கூடாது. அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள், இல்லை என்று சொல்லிவிட்டேன், அவள்மேல் கோபப்படாதே. அதற்குப் பதிலாக மூன்று மாதம் உன் வீட்டில் வந்து இருந்து நானே சமைக்கிறேன். சங்கரா மீன், நெத்திலி, வாரத்தில் இரண்டு நாள் முட்டை, கீரை, சுண்டல், மோர். சோறும் உண்டு, பயப்படாதே, கால் தட்டு உண்டு. யார்டுக்குக் கையில் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன், டீக்கடையில் சர்க்கரை இல்லாமல் என்று சொல்ல வெட்கப்பட்டால் ஃப்ளாஸ்கில் டீயும் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வேண்டுமென்றால் ஒரு கரண்டி, கறியை நிறைய அள்ளிக்கொள், யாரும் உன்னைத் துறவியாகச் சொல்லவில்லை. சாப்பிட்டதும் படுக்காமல் எர்ணாவூர் ரோட்டில் அரை மணி நேரம் என்னோடு நட, லாரித் தூசி என்று சாக்குச் சொல்லாதே. மாத்திரையை டாக்டரம்மா சொன்னபடி ஒன்று என்றால் ஒன்றுதான். நாளைக்கே அவரிடம் அந்தக் குதிகாலைக் காட்டு. மூன்று மாதம் கழித்து அடங்கிய அளவோடு அவர் கடிதம் கொடுப்பார். ஏஜென்ட் அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது உள்ளதைச் சொல்லி, மருந்தோடு, தைரியமாகப் போ. நானே விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்புகிறேன்.

இல்லை, வெள்ளிக்கிழமையே போவேன் என்றால், இதையும் தெரிந்துகொண்டு போ. மெடிக்கலுக்குப் போக வேண்டிய சீட்டை பிரின்ட் எடுத்து வை என்று நீயேதான் எனக்கு அனுப்பினாய். அதில் அந்த இடத்தின் முகவரி இருக்கிறது. அங்கே இருக்கிற டாக்டருக்கு ஒரு மனு எழுதி முடித்துவிட்டேன். உன் பெயர், உன் டெஸ்டில் வந்த அளவு, குதிகாலில் ஆறாத புண், வெறும் வயிற்று ரத்தத்தை நம்ப வேண்டாம் என்று. அடியில் தாயார் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வருகிற புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் அது என்னிடம்தான் இருக்கும். அதற்குள் நீயே ஏஜென்டிடம் சொல்லிவிட்டால் கிழித்துப் போடுகிறேன். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை காலையில் நானே பஸ் ஏறிப் போய் அந்த டாக்டர் கையில் கொடுத்துவிட்டு வருவேன். இத்தனை வருஷம் ஊராருக்கு எழுதிய மனுவில் பாதி எங்கேயோ தூங்குகிறது. இது தூங்காது.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். பெற்றவளே காட்டிக்கொடுத்தாள் என்று ஊரெல்லாம் சொல், நான் மறுக்க மாட்டேன். போன் எடுக்காமல் இருந்து என்னைத் தண்டிக்கலாம் என்று நினைக்காதே, அதைத் தாங்க எனக்கு மனசில்லை. நேரில் வா. செவ்வாய்க்கிழமையே வா. வாசலில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, தெருவே வெளியே வந்து பார்க்கிற மாதிரி என்னைத் திட்டு. நீ திட்டி முடிக்கிற வரைக்கும் நான் உன் கால்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

உன் அம்மா